படி இறங்காத டிரைவர்

போன வாரம் குட்டியை நிம்மதியாகத் தூங்கவிட்டு நிறுத்தியிருந்தோம். அந்த நிம்மதிக்கு ஆயுள் ஒரு ராத்திரிதான் என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

குட்டி என்றதும் இரட்டைச் சடை போட்ட பெண்ணை நினைத்துவிட வேண்டாம். ஐம்பதைத் தொடப் போகிறவள். திரைச்சீலை தைக்கும் கடையில் துணி வெட்டும் மேசை அவளுடையது. அண்ணன் வாயில் இன்னும் குட்டி. அண்ணன் குரல் பஸ் ஹார்ன் மாதிரி கேட்கும் என்பதால் கட்டடம் முழுக்க அவள் குட்டிதான்.

அண்ணனைத் தெருவில் டிரைவர் என்பார்கள். ஆயுள் முழுக்க நகரப் பேருந்து ஓட்டியவர். இப்போது சர்க்கரை, இரண்டு முழங்காலும் தேய்ந்தது, போதாததற்குப் பெரிய உடம்பு. வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அண்ணி போன பிறகு அவரையும் அவர் மகளையும் பார்த்துக்கொள்ள வந்த குட்டி, அப்படியே அந்த வீட்டோடு தங்கிவிட்டாள். மகள் பாப்பா வளர்ந்து, படித்து, தொலைவில் ஒரு பெருநகரத்தில் வேலைக்குப் போய்விட்டாள்.

அண்ணனின் வலது பாதத்தில் புது ஷூ கடித்து ஒரு புண் வந்ததையும், மரத்துப்போன கால் என்பதால் அது அவருக்கே தெரியாமல் வளர்ந்ததையும், குட்டி தினமும் கட்டு மாற்றியும் ஆறாததையும் சொல்லியிருந்தோம். கிளினிக் டாக்டர் செல்போனில் புண்ணின் படத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கே நர்ஸ்களை அனுப்பும் சேவைக்குப் பரிந்துரை அனுப்பினார். வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்காகவே இருக்கிறார்கள், வந்து பார்ப்பார்கள் என்றார். அதைக் கேட்டுத்தான் குட்டி அன்று தலையணையில் தலை வைத்தாள்.

காலையில் கடைக்குப் போனதும், எந்த நேரத்துக்கு வருவார்கள் என்று கேட்கலாமே என நர்ஸ் ஆபீசுக்குப் போன் போட்டாள். தோளில் போனை இடுக்கிக்கொண்டு கையில் கத்தரியோடு பேசுவது அவளுக்குப் பழக்கம்.

“அந்தப் பரிந்துரையை மூடிட்டோம்மா” என்றது மறுமுனை.

கத்தரி நின்றது.

“மூடிட்டீங்கன்னா?”

“நேத்து சாயங்காலம் அவர்கிட்டயே பேசினோம். வெளிய போவீங்களான்னு கேட்டதுக்கு, தினமும் நடக்கப் போறேன், கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வருவேன்னு சொன்னார். வெளிய போக முடியறவங்க கிளினிக்குக்கு வந்துதான் கட்டு மாத்திக்கணும். வீட்டுக்கு வர்றது வீட்டைவிட்டு வரவே முடியாதவங்களுக்கு மட்டும்தான்.”

கடைத்தெரு. குட்டிக்கு ஒரு கணம் தப்பான நம்பருக்குப் போட்டுவிட்டோமோ என்று தோன்றியது. பேரையும் விலாசத்தையும் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அதே ஆள்தான். கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போக சுவரை ஒரு கையாலும் தங்கையை மறு கையாலும் பிடித்துக்கொள்கிற அதே ஆள்.

போனை வைத்துவிட்டுப் பார்த்தால், ஒரு விடுதிக்காக வெட்டிக்கொண்டிருந்த நீலத் துணி ஒரு சாண் குறைந்து போயிருந்தது. கடை முதலாளியம்மா வந்து துணியைத் தூக்கிப் பார்த்தாள், குட்டியின் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் துணியை மடித்து ஓரமாக வைத்தாள். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

அடுத்து கிளினிக்குக்குப் போன். வரவேற்பில் இருந்த பெண், டாக்டர் பயிற்சிக்காக வெளியூர் போயிருக்கிறார், அடுத்த வாரம்தான் வருவார் என்றாள். அவருக்குப் பதிலாக வந்திருக்கும் டாக்டர் புதிதாகப் பரிந்துரை எழுத வேண்டுமென்றால் நோயாளியை நேரில் பார்க்க வேண்டுமாம். அதனால் அவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

“கூட்டிட்டு வர முடிஞ்சா நான் எதுக்கும்மா உங்களுக்குப் போன் பண்றேன்?” என்றாள் குட்டி.

அந்தப் பெண் யோசித்தாள். யோசித்துவிட்டு, அப்படியானால் நர்ஸ் ஆபீசில் கேட்டுப் பாருங்கள் என்றாள்.

நர்ஸ் ஆபீசில் இந்த முறை ஆள் எடுக்கவில்லை. ஒரு பியானோ வாசித்தது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது ஒரு குரல். மறுபடியும் பியானோ. முக்கியமானவர்களை இப்படித்தான் காக்க வைப்பார்கள் போலிருக்கிறது என்று குட்டி போனை மேசைமேல் வைத்து, அது பாட்டுக்குப் பாடட்டும் என்று அடுத்த துணியை விரித்தாள். விரித்தாளே தவிர வெட்டவில்லை. காலையில் கட்டு மாற்றும்போது பார்த்த சிவப்பு கண்ணிலேயே நின்றது. முந்தின நாள் புண்ணைச் சுற்றி மட்டும் இருந்தது, இன்று கணுக்காலை நோக்கி ஏறியிருந்தது. தொட்டபோது கால் சுட்டது. அண்ணனோ, வெயில் என்றார். ஜன்னல் பக்கமே வராத வெயில்.

மதியம் முதலாளியம்மாவிடம் போய் நின்றாள். அரை நாள் வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே அவள், போ, அந்த நீலத் துணியை நான் வேறு ஜன்னலுக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

நர்ஸ் ஆபீஸ் ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. பஸ் மாறிப் போக வேண்டும். வாசலில் வரிசையாக ஸ்கூட்டர்கள். தோள்பை மாட்டிய நர்ஸ்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஒருத்தி சுவரில் சாய்ந்து நின்று அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டே போனில் யாருக்கோ, கட்டை நனைக்கக்கூடாது என்று நேற்றே சொன்னேனே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலில் இருந்த சலிப்பைக் கேட்டதும் குட்டிக்கு ஏனோ கொஞ்சம் தெம்பு வந்தது. நம்ம இனம்.

கவுன்டரில் இருந்தவள் காதில் போன் மாட்டியிருந்தாள். அவளிடம் குட்டி எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர் எழுதியதை, அண்ணன் சொன்ன பொய்யை, டாக்டர் ஊரில் இல்லாததை, பியானோவை. கவுன்டர் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“டாக்டர்தான் பரிந்துரை பண்ணணும்னு இல்லம்மா. வீட்ல இருக்கறவங்களே பண்ணலாம். ஆஸ்பத்திரி பண்ணலாம், நோயாளியே கூடப் பண்ணலாம். எங்களுக்கு ஒரு போன் போதும்.”

குட்டி அவளையே பார்த்தாள்.

“காலையில நான் போன் பண்ணினப்ப இதை ஏம்மா யாரும் சொல்லல?”

“நீங்க கேக்கலையே.”

உண்மைதான். எப்போது வருவீர்கள் என்றுதான் கேட்டாள். கேட்கத் தெரியாத கேள்விக்கு எப்படிப் பதில் வாங்குவது என்று அந்தக் கவுன்டரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்கு நேரமில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

கவுன்டர் பெண் கேட்டுக்கொண்டே கணினியில் பதிந்தாள். வயது, என்னென்ன நோய், என்னென்ன மாத்திரை, வீட்டில் யார் யார், கதவு திறக்க ஆள் இருக்குமா, நாய் இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் குட்டி டக் டக்கென்று பதில் சொன்னாள்.

“கடைசியா எப்ப வெளிய போனார்?”

இதற்குத்தான் பதில் வரவில்லை. குட்டி யோசித்துப் பார்த்தாள். கண் பரிசோதனைக்குப் போனது. மழைக்கு முன்பா பின்பா? முன்புதான், குடை எடுத்துப் போகவில்லை. மாடிவீட்டு பெயின்டரும் அவன் மச்சானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். திரும்பி ஏற்றியபோது பெயின்டருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் அண்ணன் எங்கேயும் போகவில்லை. ஒரு மழைக்காலம் வந்து போய், அடுத்த மழையும் வரப்போகிறது. தினமும் அதே வீட்டில் இருந்தும் அவள் ஒருநாள்கூட இதை நினைத்துப் பார்க்கவில்லை. சமையல், கட்டு, மாத்திரை, கடை, மறுபடி சமையல் என்று ஓடியதில் அவர் வாசல் தாண்டவில்லை என்பது கண்ணில் படவே இல்லை.

சொன்னாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. கவுன்டர் பெண் பதிந்தாள்.

பிறகு புண்ணைப் பற்றிக் கேட்டாள். சிவப்பு ஏறுகிறது, சூடாக இருக்கிறது, காலையில் நெற்றியும் லேசாகச் சுட்டது என்றதும் அவள் விரல்கள் நின்றன. நடுக்கம் உண்டா, பேச்சு குழறுகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று வரிசையாகக் கேட்டாள். எதுவும் இல்லை என்ற பிறகும் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் பேச்சே மாறியிருந்தது.

“இன்னைக்கே ஒருத்தர் வருவாங்க. ஆனா ஒண்ணு. அவர் சம்மதம் வேணும். நேத்து வேண்டாம்னு சொன்னவரு, அவர் வாயாலயே வேணும்னு சொல்லணும். வீட்டுக்குப் போய் இந்த நம்பருக்குப் பண்ணி, போனை அவர்கிட்ட குடுங்க. நடுவுல நடுக்கமோ குழப்பமோ வந்துதுன்னா எங்களுக்காகக் காத்திருக்காதீங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.”

சம்மதம். ஊரெல்லாம் அலைந்து கடைசியில் சாவி அந்த மனுஷன் கையிலேயே இருக்கிறது என்று நினைத்தபடி குட்டி பஸ் ஏறினாள்.

மூன்று மாடி ஏறிக் கதவைத் திறந்தால் வீடு முழுக்க வாசனை ஸ்பிரே அடித்திருந்தது. புண்ணின் வாடையை மறைக்கிறாராம். இரண்டும் கலந்து மூக்கைப் பிடுங்கியது. அண்ணன் தன் நாற்காலியில், காலை ஸ்டூலில் நீட்டி, கட்டுக்கு மேல் ஒரு சாக்ஸை மாட்டிக்கொண்டு டிவியில் கார் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சீக்கிரம் வந்துவிட்டாய் என்றார்.

குட்டி டிவியை அணைத்தாள்.

“கடைத்தெருவுல என்ன விலை, அண்ணா, தக்காளி?”

அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். யாரோ ஒரு பொம்பளை போன் பண்ணி என்னென்னவோ கேட்டாள், வாயில் வந்ததைச் சொன்னேன் என்றார்.

வாயில் வந்தது அல்ல அது. குட்டிக்குத் தெரியும். வாரத்தில் பாதி நாள் சாயங்காலம் பாப்பாவிடம் வீடியோவில் சொல்வதைத்தான் அவர் நர்ஸ் ஆபீசிலும் சொல்லியிருக்கிறார். கடைத்தெரு வரை நடந்தேன், பழக்கடைக்காரனைப் பார்த்தேன், பழைய கண்டக்டர் ஒருத்தர் எதிரில் வந்தார் என்று பெண்ணிடம் அளப்பார். குட்டி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டே, போகட்டும், வயதானவர் பெருமை பேசுகிறார் என்று விட்டுவிடுவாள். அதை நம்பித்தான் அந்தப் பெண் அப்பா நடப்பதற்கென்று ஷூ வாங்கி அனுப்பினாள். அது பொருந்துகிறது என்று காட்டுவதற்காக வீடியோவுக்கு முன்னால் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார் மனுஷன். மரத்த கால் எதையும் சொல்லவில்லை. நடக்காமலேயே ஷூ கடித்த ஒரே ஆள் உலகத்தில் அவராகத்தான் இருக்க வேண்டும்.

“நர்ஸ் வந்தா பாப்பாவுக்குத் தெரிஞ்சிடும்” என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே. “தெரிஞ்சா வேலையை விட்டுட்டு வந்து நிப்பா. அவ அம்மா போனப்பவும் அப்படித்தான் படிப்பை நிறுத்தறேன்னு நின்னா. எத்தனை கெஞ்சி அனுப்பி வச்சேன். இப்பதான் நல்ல வேலையில இருக்கா. என் காலுக்காக அவ திரும்பி வரவேண்டாம்.”

“கால் போனா அப்ப மட்டும் வரமாட்டாளா?”

“ஒண்ணும் போகாது. நீதான் பெருசு பண்ற. நடக்க முடியாதுன்னு யார் சொன்னது? இப்ப நடந்து காட்டறேன் பார்.”

பேசிக்கொண்டே எழுந்துவிட்டார். குட்டி பாய்ந்து தடுப்பதற்குள் சுவரைப் பிடித்து, கதவைப் பிடித்து, வெளியே வராந்தாவுக்கே போய்விட்டார். கோபம் வந்தால் அவருக்குப் பழைய பலம் கொஞ்ச நேரத்துக்கு வரும். கொஞ்ச நேரத்துக்குத்தான். மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்து முதல் படியில் கால் வைத்தார். முழங்கால் மடங்கியது. குட்டி பின்னாலிருந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்ததில் விழவில்லை, உட்கார்ந்தார். படியின் அகலம் முழுக்க அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. இன்னொரு தரம் பார்த்தார்.

குட்டிக்கு அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. வாயில் ஏகப்பட்டது வந்து நின்றது. ஆனால் பின்னாலிருந்து பார்க்கும்போது அவர் கழுத்தில் வியர்வை ஓடியது. கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. கீழே தெருவில் ஒரு பஸ் பிரேக் போட்டு நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனது. இருவருமே கேட்டார்கள்.

அவள் அவருக்கு மேல்படியில் உட்கார்ந்து, அந்த நம்பரைப் போட்டு, போனை அவர் தோளுக்கு மேலே நீட்டினாள். வாங்கவில்லை. நீட்டியபடியே இருந்தாள். கடைசியில் வாங்கிக் காதில் வைத்தார். மறுமுனையில் அதே கவுன்டர் பெண். அவள் கேட்டது குட்டிக்குக் கேட்கவில்லை. அண்ணன் சொன்னது கேட்டது.

“இல்லம்மா. நேத்து நான் சொன்னது தப்பு. நான் வெளிய போறதில்ல.” கொஞ்சம் நிறுத்தினார். “ரொம்ப நாளாச்சு. வரச் சொல்லுங்க.”

அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி குட்டி கேட்டதில்லை.

சம்மதம் வாங்கியாயிற்று. ஆனால் சம்மதம் கொடுத்தவர் படியில் இருக்கிறார். நர்ஸ் வரும்போது நோயாளி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தால், பார், வெளியேதான் இருக்கிறாரே என்று அவளும் திரும்பிப் போனாலும் போய்விடுவாள் என்று குட்டிக்குப் பயம் வந்துவிட்டது. மேலே போய் பெயின்டர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவன் முகத்தில் இடுப்புவலியின் ஞாபகம் தெரிந்தது. இருந்தாலும் மச்சானைக் கூப்பிட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். அண்ணனை அதில் ஏற்றி உள்ளே கொண்டுபோகிற வரை, பஸ்ஸை ரிவர்ஸ் எடுப்பவர் மாதிரி, இடது பக்கம் பார், மெதுவாக, இன்னும் கொஞ்சம் என்று அவரே வழி சொல்லிக்கொண்டு வந்தார். இந்த வாய் மட்டும் எந்த நோய்க்கும் மடங்காது என்று குட்டி நினைத்தாள்.

விளக்கு போடும் நேரத்துக்கு நர்ஸ் வந்தாள். வாசலுக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நடுவயதைத் தாண்டியவள், அவளும் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

“கீழ்வீட்டுக்காரங்க எல்லாரும் கிளினிக்குக்கு வந்துடறாங்க” என்றாள். “எனக்கு மிஞ்சறது பூரா மாடிவீடுங்கதான்.”

தண்ணீர் குடித்த பிறகு வேலையில் இறங்கினாள். அப்புறம் பேச்சுக்கு இடமில்லை. கையைக் கழுவி, உறை மாட்டி, சாக்ஸைக் கழற்றி, கட்டைப் பிரித்தாள். காய்ச்சல் பார்த்தாள், நாடி பார்த்தாள், விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். பாதத்தின் மேல் விரலை வைத்து ரத்தம் ஓடுகிறதா என்று வெகுநேரம் தேடினாள். கிடைத்ததும் தலையை ஆட்டிக்கொண்டாள். புண்ணுக்குள் என்ன பூசினீர்கள் என்று கேட்டாள். குதிகால் வெடிப்புக்கு வாங்கிய களிம்பு மிச்சம் இருந்தது என்றார் அண்ணன். எப்போது வாங்கியது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் கோபம் வந்திருக்கும்.

பிறகு பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, காலில் சிவப்பு முடிகிற இடத்தை ஒட்டிக் கோடு போட்டாள். கணுக்காலைச் சுற்றி, ஒரு தீவின் கரையைப் போல.

“இது எதுக்கு, சிஸ்டர்?” என்றாள் குட்டி.

“நாளைக்குக் காலையில நான் வந்து பார்ப்பேன். அதுக்கு முன்னாடி நீங்க பாருங்க. சிவப்பு இந்தக் கோட்டுக்குள்ளயே இருந்தா நாம வீட்லயே சமாளிக்கலாம். கோட்டைத் தாண்டிடுச்சுன்னா யாரையும் கேக்க வேண்டாம், என்னையும் கேக்க வேண்டாம். ஆம்புலன்ஸ்தான். தூக்கற நாற்காலியோட வரச் சொல்லுங்க, மூணாவது மாடின்னு முதல்லயே சொல்லிடுங்க.”

காலை எடுத்துவிடுவார்களா என்று அண்ணன் கேட்டார். விளையாட்டாகக் கேட்பதுபோல்தான் கேட்டார். நர்ஸ் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு வாரம் நீங்கள் கடைத்தெருவுக்கு நடந்திருந்தால் நான் எதுவும் சொல்லியிருக்க முடியாது என்றாள். ஆபீசில் எல்லாம் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள் போலிருக்கிறது. இப்போதும் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் ரத்தம் ஓடுகிறது, அது நல்லது, மற்றதை இந்தக் கோடு சொல்லும் என்றாள். பணியில் இருந்த டாக்டரிடம் போனிலேயே பேசி மருந்து எழுத வைத்தாள். மருந்துக்கடைக்கு பெயின்டரின் மச்சான் ஓடினான். புதுக் கட்டுப் போட்டுக்கொண்டே, இந்தப் பாதம் தரையில் படவே கூடாது, கழிப்பறைக்குப் போவதற்கும் சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு பண்ணுகிறேன், அது வரும் வரை கட்டிலோடு சரி என்று ஒரு வாத்தியாரம்மா மாதிரி சொல்லி, அண்ணனைத் திரும்பச் சொல்ல வைத்தாள். அவரும் தரையில் பாதம் படக்கூடாது என்று திரும்பச் சொன்னார். யாரிடமும் அப்படி அடங்கி நின்றவர் இல்லை.

அந்த நேரத்தில் அவர் போன் அடித்தது. பாப்பா.

அண்ணன் குட்டியைப் பார்த்தார். எடுக்காதே என்பது அந்தப் பார்வை. குட்டி போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். இத்தனை நாள் இந்த வீட்டில் எதற்கும் வாயைத் திறக்காமல் இருந்த பலனைத்தான் இன்று காலையிலிருந்து அனுபவித்தாயிற்று. இனிமேல் முடியாது.

“பாப்பா, அத்தை பேசறேன். உங்கப்பா எங்கயும் நடக்கப் போறதில்ல. போன மழைக்கு முன்னாடியிலேர்ந்து வீட்டைவிட்டு இறங்கவே இல்ல. கால்ல புண்ணு, பெரிய புண்ணு. நர்ஸ் வந்திருக்காங்க. நீ பதறாத, வேலையை விட்டுட்டு ஓடி வராத. ஆனா உனக்குத் தெரியணும்.”

அழுகிறாளோ என்று குட்டி காதைத் தீட்டினாள். அழுகை கேட்கவில்லை. ஒலிபெருக்கியில் யாரோ ஏதோ ஒரு வண்டி புறப்படுவதாக அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கரகரத்த குரலை அவளுக்குத் தெரியும். கடைக்குப் போகும்போது தினமும் கேட்கிற குரல்.

“எங்கடி இருக்க நீ?”

“நம்ம பஸ் ஸ்டாண்டுல, அத்தை.”

“எப்ப வந்த?”

“மத்தியானமே வந்துட்டேன். வீட்டுக்கு வர தைரியம் இல்லாம உக்காந்திருக்கேன்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “எனக்கு வேலை போய் ரொம்ப நாளாச்சு, அத்தை. இருந்த ரூமையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அப்பா அங்க நல்லா இருக்கார், நடக்கறார், சந்தோஷமா இருக்கார், இதைச் சொல்லி அதைக் கெடுக்க வேண்டாம்னுதான் சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க. வேற ஏதாவது கிடைச்சதும் நானே சொல்லிக்கறேன்.”

குட்டி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாரத்தில் பாதி நாள் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு, ஒருவர் போகாத கடைத்தெருவையும் மற்றவர் போகாத ஆபீசையும் பற்றி மணிக்கணக்காகப் பேசியிருக்கிறார்கள். நடுவில் இவள் டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் தள்ளிக்கொண்டு எரிச்சல்தான் முன்னால் வந்தது.

நேராகக் கூடத்துக்குப் போனாள். ஸ்பீக்கரை அழுத்திப் போனை அண்ணன் மடியில் வைத்தாள்.

“உன் பொண்ணு. நம்ம பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கா. நீ நடக்கறதில்லன்னு அவகிட்ட சொல்லிட்டேன். அவ வேலையில இல்லன்னு இப்ப உன்கிட்ட சொல்றேன். மீதியை நீங்களே பேசிக்கோங்க.”

போனிலிருந்து, அத்தை, என்று ஒரு குரல் வந்தது. அண்ணன் போனை ஏதோ சூடான பாத்திரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். குட்டி நிற்கவில்லை. அடுப்படிக்குத் திரும்பி வந்து தண்ணீர் வைத்தாள். காலையிலிருந்து ஒரு வாய் டீ இறங்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தண்ணீர் கொதித்தது. பிறகு அண்ணன் குரல் கேட்டது. என்ன சொல்கிறார் என்று புரியாத அளவுக்குத் தாழ்ந்த குரல். பாப்பா ஏதோ சொன்னாள். மறுபடியும் அவர். அப்புறம் போன் வைக்கப்பட்ட சத்தம். குட்டி டீத்தூளைப் போட்டு, காதை அங்கே வைத்துக்கொண்டு, கலக்கிக்கொண்டே இருந்தாள்.

கூடத்தில் மர நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது. நர்ஸ் அதட்டினாள். பிறகு அவளே அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கையில் இன்னும் உறை மாட்டியிருந்தாள். இத்தனை வருஷ வேலையில் எத்தனையோ நோயாளிகளைப் பார்த்தவளின் முகம் அது. அந்த முகத்திலேயே இப்போது என்ன செய்வதென்று தெரியாத ஒரு தவிப்பு.

“அம்மா, கொஞ்சம் வாங்களேன்” என்றாள். “உங்க அண்ணன், வெளிய போட்டுக்கற சட்டை எங்கன்னு கேக்கறார்.”